முதல் பாட்டு எது

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூன்று பேர் சாப்பிடக் கூடுவார்கள். சாப்பிட என்பது பெயருக்குத்தான். டப்பாவைத் திறந்த கையோடு யாராவது ஒருவர் “இப்ப என்ன ஓடுது?” என்று கேட்டுவிட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும். ஓடுவது என்றால் அந்த வாரம் அவரவர் காதில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுத் தொகுப்பு. ஒற்றைப் பாட்டுக்கு அங்கே மரியாதை கிடையாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் எதையும் தாண்டாமல், மூன்று தடவை கேட்ட தொகுப்பைப் பற்றி மட்டும்தான் வாய் திறக்கலாம். இன்னொரு விதியும் உண்டு. ‘நல்லா இருக்கு’ என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர் மூன்று பேருடைய டப்பாவையும் கழுவ வேண்டும். இந்த விதியால் அந்த அறையில் பேச்சு கொஞ்சம் நீளம்தான்.

கடைக்குச் சொந்தக்காரர் கண்ணாடியக்கா. டாக்டர் எழுதிக் கொடுக்கும் எண்ணுக்குக் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் மாட்டிக் கொடுப்பவர். எந்தத் தொகுப்பைக் கேட்டாலும் அதற்குள் ஒரு குடும்பத்தைப் பார்த்துவிடுவார். இரண்டாமவர் லிப்ட்காரர். அந்தத் தெருவின் ஏழு கட்டடங்களுக்கும் லிப்ட் பழுது பார்ப்பவர். ஒரு காதில் பாட்டு, இன்னொரு காதில் கம்பி வடத்தின் சத்தம் என்று பாதி உலகத்தோடுதான் இசை கேட்பார். அதனாலோ என்னவோ, கோபமே வராத மனிதர்.

மூன்றாமவர் பல்செட்காரர். அவருடைய பட்டறை இரண்டாம் மாடியில். பல் டாக்டர்கள் அனுப்பும் தாடை அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கடித்துப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. மயிரிழை தள்ளி நின்ற ஒரு பல்லுக்காக மொத்த வரிசையையும் பிடுங்கி மறுபடி நடுகிற ஆள். பாட்டு விஷயத்திலும் அதே குணம். அவர் வாயில் விழுந்து முழுசாக வெளியே வந்த தொகுப்புகள் குறைவு. நாலு வருஷமாக அப்படித்தான் அடுத்தவர் இசையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். தானும் ஒரு காலத்தில் ஒரு தொகுப்புக்கு இசை போட்ட ஆள் என்பதை மட்டும் மூச்சு விட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மனசு சரியில்லாமல்தான் படியிறங்கினார். காலையில் வீட்டில் நடந்ததுதான் காரணம். அவர் மனைவியின் தம்பி, அதாவது மச்சினன், வருகிற வியாழக்கிழமை குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறான். அவன் மனைவிக்கு மாற்றல் வந்திருக்கிறது. ரயிலில் இரண்டு நாள் தூரம். போவதற்கு முன்னால் ஒரு வேளை வீட்டில் வந்து சாப்பிடு என்று அக்கா கேட்டிருக்கிறாள். வாசலில் நின்று சொல்லிக்கொண்டு போகிறேன், உள்ளே வரமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். இதை அவள் அழாமல்தான் சொன்னாள். “நீங்க ஒரு தடவை போய்ப் பேசினா என்ன?” என்று மட்டும் கேட்டாள். “நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மச்சினன் அந்த வீட்டு வாசற்படி மிதித்து ஒன்பது வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறு இல்லை, குடித்துவிட்டு அடித்துக்கொள்ளவும் இல்லை. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பத்துப் பாட்டு பண்ணினார்கள். வரிகள் மச்சினனுடையது, இசை பல்செட்காரருடையது. பாடியது ஒரு பள்ளிக்கூட டீச்சர். பல்செட்காரர் வீட்டுப் பின்னறையில் ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நடந்த வேலை. பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு முகச்சுளிப்பு இல்லை. எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்று வரிசை போட உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது.

வேகமான பாட்டை முன்னால் வைக்கவேண்டும், கேட்பவனை முதல் நிமிஷத்திலேயே பிடித்து உட்கார வைக்கவேண்டும் என்றார் இவர். மெதுவான பாட்டில் ஆரம்பிக்கவேண்டும், பத்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போகிறது என்றான் அவன். மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு இவருக்குப் பொறுமை போய்விட்டது. “வரிசையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ எழுதிக் குடுத்தா போதும்” என்று சொல்லிவிட்டார். அவன் முகம் விழுந்ததைப் பார்க்கத்தான் செய்தார். சரி அத்தான் என்று எழுந்து போனான். மறுநாள் காலை சி.டி. அட்டையில் அச்சடிக்க வேண்டிய பாட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதி அனுப்பினான். வரிசை இவர் சொன்னபடியே இருந்தது. பெயர்களைத்தான் அடியோடு மாற்றியிருந்தான். ‘மழைப் பாட்டு’ என்று ஏழு மாதம் அவர்கள் கூப்பிட்டது ‘ஈரக் குடை’ ஆகியிருந்தது. ‘மாடி’ என்றது ‘ஏணிப்படி’ ஆகியிருந்தது. வீம்புக்குச் செய்கிறான் என்று நினைத்து இவர் ஒன்றும் சொல்லாமல் அச்சுக்குக் கொடுத்தார்.

முந்நூறு பிரதி போட்டார்கள். ஊர் ஒன்றும் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. தெரிந்தவர்கள் பத்துப் பேர் ‘நல்லா இருக்கு’ என்றார்கள். மீதிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. அட்டை அச்சாகி வந்த வாரம் வராமல் நின்ற மச்சினன், பிறகு வரவே இல்லை. வரிசையில் தோற்றதற்கு இவ்வளவு கோபமா என்று இவரும் முறுக்கிக்கொண்டார். வீட்டு விசேஷங்களுக்கு இரண்டு குடும்பமும் ஷிப்ட் போட்டு வந்து போயின. நடுவில் நின்றது அவர் மனைவி.

இந்த வாரம் கண்ணாடியக்காவின் முறை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்து, சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்தார்.

“பேரு தெரியாது. யாரு பண்ணினாங்கன்னும் தெரியாது” என்று ஆரம்பித்தார். தங்கை மகன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதிலிருந்த பாட்டுகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தானாம். அதில் ‘நியூ ஃபோல்டர்’ என்று ஒன்று இருந்ததாம். வேறு பெயர் இல்லாததால் தொகுப்புக்கு அதையே பெயராக வைத்துக்கொண்டாராம்.

லிப்ட்காரர் தலையாட்டினார். பல்செட்காரர் டப்பா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு தட்டல். டக் டக், டக். மேளமில்லை, மரமில்லை. பிளாஸ்டர் குழைக்கும் ரப்பர் கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியைத் தட்டுகிற சத்தம். உலகத்தில் அந்தச் சத்தத்தைப் பாட்டில் வைத்த ஆள் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

அக்கா ஒலியைக் குறைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். இது தனித்தனிப் பத்துப் பாட்டில்லை, ஒரு பெண் நடந்து போவது என்றார். முதல் பாட்டில் அவள் ஏதோ வாங்க அடுத்த தெரு வரைக்கும் போகிறாள். இரண்டாவதில், மேஜையில் வைத்துவிட்டு வந்த காப்பி ஆறிப்போயிருக்குமே என்று நினைக்கிறாள், திரும்பவில்லை. நாலாவதில் மழை. எட்டாவதில் தெரியாத ஒரு கட்டடத்தில் படியேறுகிறாள். கடைசிப் பாட்டில் அவள் கையில் சாவி இருக்கிறது, அது எந்தக் கதவுக்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

“மூணு தடவையும் அந்தக் கடைசிப் பாட்டுல மிஷினை நிறுத்திட்டேன். கண்ணாடி தேய்க்கவே ஓடல” என்றார் அக்கா. “இதை வரிசை போட்டவன் பெரிய ஆளு. ஒரு பாட்டை எடுத்து முன்னப் பின்ன வச்சா இந்தப் பொண்ணு காணாமப் போயிடுவா.”

பல்செட்காரருக்குக் காது சுட்டது. ஏழு மாதம் அந்தப் பாட்டுகளோடு புரண்ட அவருக்கு அப்படி ஒரு பெண் உள்ளே நடந்துகொண்டிருந்ததே தெரியாது. அவருக்குத் தெரிந்தது பத்துப் பாட்டு, பத்துத் தாளம்.

“வரிசை தப்பு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “‘உதிரி பாகம்’தான் முதல் பாட்டு.”

பெயரே தெரியாத தொகுப்பில் எது முதல் பாட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார். இவர் பதில் தேடுவதற்குள் லிப்ட்காரர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“அக்கா, இது அகரவரிசை. உங்க போனு அ ஆ இ ஈன்னு தானா அடுக்கியிருக்கு. எந்தப் பெரிய ஆளும் போடல.”

நம்பர் இல்லாமல் பாட்டைப் போட்டால் போன் அப்படித்தான் செய்யும் என்று அவர் விளக்கினார். தனக்கும் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறதாம், ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம். அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். “அப்ப நான் பாத்ததெல்லாம் பொய்யா?” என்றார். ஒரு வாரமாகக் கூடவே நடந்து வந்த பெண்ணை யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது அவருக்கு.

பல்செட்காரரும் சிரிக்கவில்லை. பெயர்களை மறுபடி ஒரு தடவை, மெதுவாகப் படிக்கச் சொன்னார். லிப்ட்காரர் படித்தார். அடுத்த தெரு. ஆறிய காப்பி. இடது கைப் பழக்கம். ஈரக் குடை. உதிரி பாகம். ஊமை மணி. எதிர்வீட்டு விளக்கு. ஏணிப்படி. ஐந்து நிமிஷம். ஒற்றைச் சாவி.

பல்செட்காரர் விரல் விட்டு எண்ணினார். அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ. ஒரு எழுத்து விடுபடவில்லை, ஒரு எழுத்து இரண்டு தடவை வரவில்லை. பத்துப் பாட்டுக்குத் தற்செயலாக இப்படிப் பெயர் அமையாது. அதுவும் அவர் மச்சினனுக்குத் தொழிலே இதுதான். கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் பட்டியல் இருக்குமே, அதைத் தயாரிக்கிறவன் அவன். நாள் முழுக்க அ முதல் ன் வரை அடுக்குகிற கை.

போனால் போகிறது என்று அவன் எழுந்து போகவில்லை. அன்று இரவே பத்துப் பெயரையும் மாற்றி, தன் வரிசையை அந்தப் பெயர்களுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான். அத்தான் பார்ப்பார், புரிந்துகொள்வார் என்று அனுப்பியிருக்கிறான். அத்தான் பார்த்தது வீம்பை மட்டும்தான்.

“பொய்யில்லக்கா” என்றார் பல்செட்காரர். “வரிசை போட்டவன் ஒருத்தன் இருக்கான். என் மச்சினன். இசை நான் போட்டது.”

ஒலிபெருக்கியில் ‘ஆறிய காப்பி’ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு வருஷமாக இதை ஒளித்து வைத்துக்கொண்டுதானா எங்கள் பாட்டையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டினீர்கள் என்று லிப்ட்காரர் கேட்டார். கோபமே வராத மனிதருக்குக் கொஞ்சம் வந்திருந்தது. அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் இருக்கிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. வரிசை போட்டவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். வியாழக்கிழமை ஊரைவிட்டுப் போகிறான் என்று இவர் சொன்னார். சாப்பிடாத டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

நேராக மச்சினன் வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் மூன்று தடவை கேட்காமல் அவருக்கு வாய் திறந்து பழக்கமில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமானால், மச்சினன் வரிசை தப்பாக இருந்துவிடவேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. தப்பாக இருந்தால் ஒன்பது வருஷத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கும். வெள்ளி மாலை கண்ணாடியக்காவிடமிருந்து அந்தப் பாட்டுகளைத் தன் கைபேசியில் வாங்கிக்கொண்டு, பட்டறையில், மெழுகில் யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பற்களை நட்டுக்கொண்டே முதல் தடவை கேட்டார். சனிக்கிழமை பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் இரண்டாவது தடவை. ஞாயிறு காலை பட்டறைக்கு வேலையிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்து, வேலை எதுவும் செய்யாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டார்.

‘ஆறிய காப்பி’ முடிகிற இடத்தில் மூன்று ஸ்வரம் இறங்கி வரும். அதே மூன்று ஸ்வரத்தில்தான் ‘இடது கைப் பழக்கம்’ ஆரம்பிக்கிறது. இரண்டையும் போட்டவர் அவர்தான், வேறு வேறு மாதத்தில், அறியாமல் போட்டது. அவருடைய வரிசையில் அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஐந்து பாட்டு இருந்தது. அவனுடைய வரிசையில் ஒன்று விட்ட இடத்தில் மற்றது எடுத்தது. இப்படி இன்னும் மூன்று இடம். தன் இசையைத் தன்னைவிடக் கூர்மையாகக் கேட்டவன் ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவனிடம் போய் ‘நீ எழுதிக் குடுத்தா போதும்’ என்றோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும், ‘ஐந்து நிமிஷம்’ ஒன்பதாவதாக வந்தது மட்டும் உறுத்தியது. அது ஏழாவது இடத்தில் வரவேண்டும். இதை அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

பட்டறையைப் பூட்டிவிட்டு அப்படியே கிளம்பினார். மச்சினன் வீடு இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். கதவைத் திறந்தது அவன் மனைவி. இவரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு வழி விட்டுவிட்டு, ஒட்டுகிற டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். மச்சினன் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. விசேஷ வீடுகளில் ஒருவர் வர ஒருவர் போகத் தூரத்திலிருந்து பார்த்தபோது அது தெரிந்ததில்லை.

“அக்கா அனுப்பிச்சாளா?” என்றான், நிமிராமல்.

“இல்ல. அவளுக்குத் தெரியாது.”

அவன் எழுதி முடித்துப் பேனாவை மூடினான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. இவர் தானாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“அகரத்துலேர்ந்து கேட்டேன்” என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “எப்போ?”

“முந்தாநாள்.”

“முந்தாநாளா?” என்று கேட்டான். பிறகு இன்னொரு தடவை, தனக்குத்தானே சொல்வதுபோல, “முந்தாநாள்” என்றான்.

வெள்ளிக்கிழமை நடந்ததை இவர் சொன்னார். நியூ ஃபோல்டர், கண்ணாடியக்கா பார்த்த பெண், லிப்ட்காரர் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னார். அவன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“நீங்க அன்னிக்கே பாத்துட்டீங்கன்னுதான் இவ்வளவு வருஷமும் நெனச்சேன் அத்தான்” என்றான் கடைசியில். “பாத்துட்டு, சிரிச்சுட்டு, உங்க வரிசையிலயே அச்சுக்குக் குடுத்துட்டீங்கன்னு. வரிசையில தோத்ததுக்கெல்லாம் நான் கோவப்படல. அதை நான் அன்னிக்கே விட்டுட்டேன். பாத்ததா கூடக் காட்டிக்காம இருந்துட்டீங்களேன்னுதான்.”

“பாக்கல மாப்ள.”

“அ ஆ இ ஈ அத்தான். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணுல அது கூடவா படாது?”

“படல” என்றார் பல்செட்காரர். “எழுதிக் குடுத்தா போதும்னு சொன்னேன் பாரு, அது பெரிய தப்பு. உன் காது எனக்கு இல்ல.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று இவர் பயந்து எழுந்தார். சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாகக் கண்ணெதிரே ஆத்திச்சூடி மாதிரி எழுதி வைத்ததை ஒருத்தர் பார்க்கவே இல்லை என்றால் வேறென்ன செய்வது. சிரிப்பு இவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு நடுவயசு ஆண்கள் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளறையில் டேப் கிழிக்கும் சத்தம் நின்றுபோனது.

சிரித்து ஓய்ந்ததும் பல்செட்காரர் சும்மா இருந்திருக்கலாம். அவர் குணம் விடவில்லை.

“ஆனா ‘ஐந்து நிமிஷம்’ ஒன்பதாவது இல்ல. ஏழாவது.”

மச்சினன் சட்டென்று நிமிர்ந்தான். ஏழாவதில் வைத்தால் விளக்குப் பாட்டு எங்கே போகும், படியேறிய பிறகுதானே அவள் ஐந்து நிமிஷம் நிற்கவேண்டும் என்றான். நிற்கட்டும், ஆனால் அந்தத் தாளத்தில் நின்றால் கடைசிப் பாட்டு தூங்கிவிடும் என்றார் இவர். பேச்சு மூண்டுவிட்டது. உள்ளேயிருந்து மச்சினன் மனைவி, அதை அங்கே போய்ப் பேசுங்கள், எனக்கு இந்த மேஜையைக் கட்டவேண்டும் என்று குரல் கொடுத்தாள். அங்கே என்று அவள் எதைச் சொன்னாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு பேருந்திலும் ஒன்பதா ஏழா என்பது ஓயவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் மச்சினன் வாயை மூடினான். பல்செட்காரர் முன்னால் போய்க் கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள். கணவனைப் பார்த்தாள், பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள். “உள்ள வா, வெயில்ல நிக்காத” என்றாள். அவன் வந்தான்.

கூடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். எழுத்துகள் வரிசையாக வந்த இடத்தைச் சொல்லும்போது இருவருக்கும் மறுபடி சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தபோது கதை முடிந்திருந்தது.

“ரெண்டு பேருல ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள். அவள் குரல் உயரவில்லை. “இவர் வேலையா இருக்கார்னு அங்க சொல்லுவேன். அவன் ஊர்ல இல்லன்னு இங்க சொல்லுவேன். பொய்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் நான் சொல்லணும், நீங்க தலையாட்டணும். ஒன்பது வருஷம். இப்ப வந்து சிரிக்கறீங்க. இவன் வியாழக்கிழமை போறான்.”

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் இதுதான், அங்கே அட்டைப் பெட்டிக்கு நடுவில் கேட்டதெல்லாம் பாதி என்று பல்செட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

“சரி, போடுங்க. நானும் கேக்கறேன்” என்றாள் அவள்.

நீ கேட்டதில்லையா என்று தம்பி கேட்டான். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நீங்க ரெண்டு பேரும் பின்னாடி ரூம்ல ஒரே வரியை நாப்பது தடவை போட்டப்ப சமையலறையில காதுல விழுந்ததுதான். முழுசா ஒரு பாட்டை யாரும் எனக்குப் போட்டுக் காட்டல. அதுக்கப்புறம் அதை இந்த வீட்டுல போட முடியுமா, இல்ல அந்த வீட்டுலதான் போட முடியுமா.”

பல்செட்காரர் கைபேசியை எடுத்தார். விரல் திரையின் மேல் நின்றது. உன் வரிசையில் போடவா என்று மச்சினனைக் கேட்டார். வேண்டாம் அத்தான், உங்களுடையதையே போடுங்கள் என்றான் அவன். இல்லை உன்னுடையது, இல்லை உங்களுடையது என்று இருவரும் விட்டுக்கொடுப்பதிலும் மல்லுக்கு நின்றார்கள்.

“எதையாவது போட்டுட்டு ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் அவள்.

‘அடுத்த தெரு’ ஆரம்பித்தது. அவள் நாற்காலியின் நுனியில், எழுந்துவிடப் போகிறவள் மாதிரி உட்கார்ந்து கேட்டாள். பாட்டு மூன்றரை நிமிஷம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்து அவர்கள் கேட்கும் பாட்டை எடைபோட்டவர் பல்செட்காரர். மனைவியின் முகத்தில் அவருக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வருவதற்கு நடுவில் இருக்கிற அந்த இரண்டு விநாடியில் அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“இதுக்கா?” என்றாள்.

இவ்வளவு அற்பத்துக்கா என்று கேட்டாளா, இவ்வளவு அழகையா எனக்குக் காட்டாமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாளா, அவருக்குப் புரியவில்லை. மச்சினனைப் பார்த்தார், அவனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் இரண்டாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.